மேற்பார்வை இல்லாத வாழ்க்கை

எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்குத் தலை வலித்தால் மாத்திரை தரமாட்டார்கள். தலைவலிப் பிரிவு என்று ஒன்றைத் திறப்பார்கள். அதற்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஓர் ஆள். இதெல்லாம் கூடி வருவதற்குள் தலைவலிக்காரன் ஓய்வு பெற்று வீட்டுக்கே போயிருப்பான். அப்படிப்பட்ட இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் "கண்ணு எரியுது" என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தான். அன்றைக்குப் பிடித்தது சனி.

நாங்கள் குடிநீர்க் குழாய்ப் புகார்களைக் கவனிக்கிறவர்கள். என் மேசைத் திரையில் ஊரின் வரைபடம் இருக்கும். எங்கேயாவது குழாய் உடைந்தால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி விழும். பழுது பார்க்கிற ஆட்களுக்கு நான் போன் போட்டு அனுப்பினால் மஞ்சளாகும். அடைத்துவிட்டால் பச்சை. நாலு நாற்காலி போட்ட இடத்தில் நானும் பக்கத்து மேசை அக்காவும் மட்டும்தான். மீதி இரண்டு நாற்காலியிலும் எங்கள் பைகள் உட்கார்ந்திருக்கின்றன. நாள் முழுக்கப் புள்ளியையே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், பெண்டாட்டி கன்னத்துப் பருவைப் பார்த்து "எந்தத் தெரு?" என்று கேட்கத் தோன்றும்.

கண் டாக்டர் ஒருவர் வந்தார். எல்லோர் இமையையும் தூக்கிப் பார்த்தார். "வேலையைக் குறைங்க, இல்லேன்னா ஆளைக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிர்வாகம் அதை மறுக்கவே இல்லை. உடனே ஆளைக் கூட்டியது. எங்களுக்கு அல்ல, 'வாழ்க்கை ரசனைப் பிரிவு' என்று புதிதாக முளைத்த ஒன்றுக்கு. ஊழியர்களைத் திரையிலிருந்து விலக்கி அன்றாட வாழ்க்கையை அனுபவிக்க வைப்பது அந்தப் பிரிவின் வேலை. அந்த வேலையை ஏழு பேர் ஏழு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து செய்தார்கள்.

செய்துவிட்டுப் போகட்டும், உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அலுவலகத்துக்கு எதிரேதான் என் மகளின் பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்பு. காலையில் நானும் அவளும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கே சரியாக இருக்கும். சாயந்திரம் என் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை முடிந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் வீடு போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். ஆக, அப்பாவும் பெண்ணும் முழித்துக்கொண்டு முகம் பார்ப்பது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவார். வகுப்பறைப் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். என் டப்பாவிலிருந்து அவள் எடுப்பாள், அவள் டப்பாவிலிருந்து நான் எடுப்பேன். இரண்டிலும் ஒரே சாப்பாடுதான், இருந்தாலும் எடுப்போம். அவள் வாய் ஓயாது. எறும்புக்குக் கொட்டாவி வருமா? டீச்சர் வீட்டுக்குப் போனால் அங்கே யாரைத் திட்டுவார்? அந்தச் சமயம் அவளுக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை விரலால் ஆட்டிப் பார்க்கும் உரிமை எனக்கு மட்டும்தான். "விழும்போது நீங்க இருக்கணும்பா" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் நான் மீதி நாளை ஓட்டினேன்.

அதில்தான் கை வைத்தார்கள்.

திட்டத்தின் தொடக்க விழாவில் எங்கள் தலைமை அதிகாரி பேசினார். "நண்பர்களே, நம்ம ஊழியர்கள் வாழ்க்கையை இழந்துட்டு வர்றாங்க. இதை நான் ரொம்ப வருஷமா கவனிச்சுட்டு வர்றேன். கவனிக்கற வேலை இருந்ததால வேற எதுவும் செய்ய முடியல. என்னையே எடுத்துக்கங்க. என் வீட்டு மொட்டைமாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. என் பையன் எத்தனாவது படிக்கறான்னு டிரைவரைக் கேட்டுத்தான் சொல்லணும். அந்தத் தியாகத்தாலதான் இந்த நாற்காலிக்கு வந்தேன். நீங்க யாரும் அப்படித் தியாகம் பண்ண வேண்டாம். வாழ்க்கையை நானே உங்களுக்கு மூணாவது மாடியில ஏற்பாடு பண்ணித் தர்றேன்."

எல்லோரும் கைதட்டினோம். டிரைவரும் தட்டினார்.

அடுத்து ரசனை அதிகாரி அம்மா எழுந்தார். இனிமையான மனுஷி. கழுத்தை அறுத்தால்கூட வலிக்காமல் அறுப்பார். "பொன்னான சாப்பாட்டு நேரத்தை நாம சாப்பிட்டே வீணாக்கிட்டோம். இனிமே சாப்பாட்டை அவங்கவங்க மேசையில, திரையைப் பார்த்துக்கிட்டே முடிச்சிடலாம். சாப்பாட்டு நேரம் முழுக்க வாழ்க்கைக்கு. எல்லாரும் கட்டாயம் வரணும், சந்தோஷமா வரணும்."

"கண்ணுக்கு ஓய்வு குடுக்கறேன்னு சோத்துக்கு உலை வெச்சுட்டாங்களே தம்பி" என்றார் பக்கத்து மேசை அக்கா.

மூன்றாவது மாடியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறைதான் 'அன்றாட வாழ்க்கை அறை' ஆனது. ஜன்னல் கிடையாது. அதனால் சுவரில் ஜன்னல் வரைந்திருந்தார்கள். ஜன்னலுக்குள் ஒரு மரம், மரத்தில் ஒரு குருவி. திரைச்சீலைக்குப் பின்னால் மேசை விசிறி ஓடியது, அது தென்றல். ஒரு மூலையில் கொடி கட்டி ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். காய்ந்துவிட்டால் நனைத்துப் போட ஓர் ஆள். இன்னொரு மூலையில் ஒரு கியூ. எதற்கு என்று கேட்கக் கூடாது, நிற்க வேண்டும். நடுவில் ஒரு பெஞ்சு, 'சும்மா இருத்தல்' என்று எழுதிய பலகையோடு. இத்தனையையும் நடத்த விசிலோடு ஒரு வழிகாட்டி. விசில் ஊதினால் அடுத்த மூலைக்குப் போய் அடுத்த இன்பத்தை அனுபவிக்க வேண்டும்.

முதல் நாளே பெஞ்சில் மாட்டிக்கொண்டேன். வழிகாட்டி என் எதிரில் குந்தி உட்கார்ந்து என் முகத்தைப் பரிசோதித்தார்.

"சார், நீங்க சும்மா இல்ல. யோசிக்கறீங்க."

"என் பொண்ணு எனக்காகக் காத்துட்டு இருப்பா, அதை நினைச்சேன்."

"அது கவலை சார். கவலைக்குத் தனி மூலை அடுத்த கட்டத்துல வருது. இப்ப தோளைத் தளர்த்துங்க. வாயை லேசாத் திறங்க. இன்னும் கொஞ்சம். அதான், இப்பதான் நீங்க நிம்மதியா இருக்கீங்க."

மறுநாள் 'பக்கத்து வீட்டுப் பேச்சு' மூலை. மதில் மாதிரி ஒரு பலகை. அதற்கு அந்தப் பக்கம் சம்பளத்துக்கு அமர்த்திய பக்கத்து வீட்டுக்காரர் நிற்பார். போய் நின்றேன். பலகைக்கு மேலே எழும்பிய முகம் எங்கள் மாடி வீட்டு அக்காவினுடையது. நிஜமாகவே என் வீட்டுக்கு மேலே குடியிருப்பவர். பரஸ்பரம் அசடு வழிந்தோம். "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றார் அவர், தனக்குச் சொல்லிக் கொடுத்தபடி. நன்றாகத்தான் இருந்தது. அதில் இருந்த வம்பு அன்று ராத்திரி வீடு திரும்பியபோதுதான் தெரிந்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டவரிடம், "என்னக்கா, நம்ம தெரு விளக்கு எரிய மாட்டேங்குதே" என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"தப்பா நினைக்காதே தம்பி. ஆபீஸ்ல பேசிக்கலாம். வெளியில சும்மா பேசினா அங்க பேச்சு தீர்ந்துடும்னு கண்டிஷன் போட்டிருக்காங்க."

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்க ஆபீஸ் போற போக்கைப் பார்த்தா இனிமே நானும் உங்களோட சண்டை போட மூணாவது மாடிக்குத்தான் வரணும் போலிருக்கு" என்றாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். எதிரே படியில் என் பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று வாட்ச்மேன் சொன்ன அன்று, நேரே ரசனை அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"மேடம், அந்த அரை மணி நேரம் என் பொண்ணோட உக்காந்து பேசிட்டு வந்துடறேன். திரையைப் பார்க்க மாட்டேன். செல்போனைக்கூட உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறேன். அதுவும் வாழ்க்கைதானே?"

"வாழ்க்கைதான் சார், யாரு இல்லேன்னா?" என்று உருகினார் அவர். "ஆனா அது மேற்பார்வை இல்லாத வாழ்க்கை. அங்க உங்களுக்குச் சந்தோஷம் வந்துச்சா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்தா அதை எந்தப் பிரிவுல காட்டறது? நீங்க பாட்டுக்கு வெளியில போய்ச் சந்தோஷமா இருந்துட்டு வந்தா இங்க ஏழு பேர் எதுக்கு இருக்கோம்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். "என்ன இருந்தாலும் மேடம், ஒரு குழந்தையோட பேசற மாதிரி வருமா?" என்று சொல்லி வைத்தேன். அவர் கண் விரிந்தது. பேனாவை எடுத்தார்.

அடுத்த வாரம் அறையில் 'குழந்தையோடு சற்று நேரம்' என்று புதிய மூலை வந்துவிட்டது. எதிர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குழந்தை தினமும் மத்தியானம் வரும். தலைமையாசிரியை முதலில் முகம் சுளித்தாராம். அந்தப் பள்ளிக் குழாய் உடைந்து மாதக்கணக்கில் என் திரையில் சிவப்பாகக் கிடந்தது. அவர் சம்மதித்த அன்றைக்கு அது மஞ்சளுக்குக்கூடப் போகாமல் நேராகப் பச்சையானது. எந்தக் குழந்தை என்ற பேச்சு வந்ததும், வாயாடியாக, சிரித்த முகமாக, அலுவலகச் சூழல் தெரிந்த குழந்தையாக வேண்டும் என்று தேடி, என் பெண்ணையே தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி மனைவியை எழுப்பிச் சொன்னேன். அவளும் அரைத் தூக்கத்தில் சந்தோஷப்பட்டாள். அடுத்த நாள் முகம் கழுவி, தலை வாரி மூன்றாவது மாடிக்கு ஓடினேன். வாசலில் வழிகாட்டி மறித்தார்.

"நீங்க இந்த மூலைக்கு வரக்கூடாது சார். நீங்க குழந்தையோட அப்பா."

"அதனாலதான்யா வரேன்!"

ரசனை அதிகாரி ஓடி வந்து விளக்கினார். "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சொந்தக் குழந்தையோட நீங்களே விளையாடினா மத்த ஊழியர்கள் என்ன நினைப்பாங்க? சலுகைன்னு நினைக்க மாட்டாங்களா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா உங்க பேரும் கெடும், குழந்தை பேரும் கெடும். நீங்க கியூவுல நில்லுங்க. அங்க கூட்டமே இல்ல."

ஒருவனும் இல்லாத கியூவில் முதல் ஆளாக நின்றேன். குழந்தை மூலையை மறைத்த தட்டிக்கு அந்தப் பக்கம் என் பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! உங்களை யாரு அங்க போய் வாயைக் குடுக்கச் சொன்னது?" பெண்ணை நிறுத்திவிடலாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் அது இப்போது பாடத்திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். நிறுத்தினால் மதிப்பெண் போய்விடுமாம்.

அதற்கப்புறம் என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அலுவலகத்தில் கேள்விப்பட்டதுதான். கணக்குப் பிரிவில் கண்ணாடிக்காரர் என்று ஒருவர், நல்ல மனுஷர், ஒருநாள் என் மேசைக்கு வந்து சொன்னார். "உங்க பொண்ணுக்கு இருட்டுன்னா பயம் விட்டுப்போச்சாமே சார், ரொம்ப சந்தோஷம்." எனக்கு அவளுக்கு இருட்டு பயம் என்பதே தெரியாது. இன்னொருவர் அவளுக்குப் பிடித்த நிறம் மாறிவிட்டதைச் சொன்னார். நான் "தெரியும், தெரியும்" என்று பொய்யாகத் தலையாட்டிக்கொண்டே சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

பல் விழுந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. அவசரப் புகார் ஒன்றுக்காக அன்று மத்தியானம் நான் கீழே மேசையில் மாட்டிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. நான் படியேறிப் போவதற்குள் பல்லை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சில் வைத்து, 'திட்டத்தின் முதல் பலன்' என்று எழுதி, தலைமை அதிகாரியைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். அவர் நெகிழ்ந்து போயிருந்தார்.

"எத்தனையோ கட்டடம் திறந்திருக்கேன், எத்தனையோ குழாய் திறந்திருக்கேன். ஆனா ஒரு பல் விழறதுக்கு நம்ம நிர்வாகம் காரணமா இருந்துச்சுன்னு நினைக்கறப்போ பெருமையா இருக்கு. இந்த வருஷத்துக்குள்ள மீதிப் பல்லும் விழ எல்லா முயற்சியும் எடுக்கப்படும்."

"சார், அது என் பொண்ணோட பல்லு" என்றேன்.

"நம்ம எல்லாருடைய பல்லும்தான்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பல்லைத் திருப்பிக் கேட்டேன். அது அலுவலக நேரத்தில் விழுந்ததால் அலுவலகச் சொத்து என்றார்கள்.

மறுநாள் குழந்தை மூலையில் கண்ணாடிக்காரரின் முறை. அவருடைய அடையாள அட்டையையும் கண்ணாடியையும் கெஞ்சி வாங்கி மாட்டிக்கொண்டு, எதுவும் சரியாகத் தெரியாமல் சுவரைத் தடவித் தடவி அந்த மூலைக்குப் போனேன். சின்ன முக்காலியில் என் பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, பல் போன வாயால் அகலமாகச் சிரித்து, "வணக்கம் சார்! இன்னைக்கு என்ன விளையாடலாம்?" என்றாள்.

"நான்தாம்மா, அப்பா."

"தெரியுதுப்பா" என்று உதடு அசையாமல் கிசுகிசுத்தாள். சிரிப்பு மாறவில்லை. "அப்பான்னு கூப்பிட்டா மார்க் குறைச்சிடுவாங்க. சீக்கிரம் எதாவது விளையாடுங்க. அந்த விசில் அண்ணன் பார்க்கறாரு."

கல்லு, காகிதம், கத்தரி விளையாடினோம். அவள் வாய் ஓரத்தில் சாப்பிட்டது ஒட்டியிருந்தது. கை தன்னால் போய்த் துடைத்துவிட்டது. உடனே விசில்.

"சார்! வாய் துடைக்கறது பெற்றோர் நடத்தை! யாரு நீங்க? கண்ணாடியைக் கழட்டுங்க!"

விசாரணை நடந்தது. ஆள்மாறாட்டம் செய்து சொந்தக் குழந்தையோடு பழகிய குற்றத்துக்காக என்னை வாழ்க்கையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். மறு உத்தரவு வரும்வரை மத்தியான நேரத்தில் நான் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வராது. பக்கத்து மேசை அக்காவிடம் சொன்னேன். "போ தம்பி, என் ஞாயித்துக்கிழமையை எடுத்துக்கோ. ரெண்டு பேர் புள்ளியையும் நானே பார்த்துக்கறேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனேன். நிஜ மரம், நிஜக் காற்று, விசில் இல்லை. ஊஞ்சல் காலியாக இருந்தது.

"ஓடு ஓடு, யாராவது பிடிக்கறதுக்குள்ள போ" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வழியாக நடந்து போன ஓர் அம்மாள் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். என் பெண் விறுக்கென்று எழுந்து நின்றாள். "வணக்கம்! என்ன விளையாடலாம்?" என்றாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு லீவுதானே?"

"லீவுதான்டா."

"அப்புறம் ஏன் விளையாடச் சொல்றீங்க? வாரம் முழுக்க அதைத்தானே பண்றேன்?" கையை நீட்டினாள். "செல்லைக் குடுங்கப்பா. கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காம இருக்கணும். சிரிச்சுச் சிரிச்சுக் கன்னமெல்லாம் வலிக்குது."

எத்தனையோ பேரைத் திட்டத் தோன்றியது. ஒருவரும் பக்கத்தில் இல்லை. செல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களைப் பார்த்துச் சிரிக்கணுமாப்பா?"

"வேண்டாம்டா கண்ணு."

"நிஜமா?"

"நிஜமா."

"அழுதா?"

"தாராளமா அழு. யாரு கேக்கப் போறா?"

அழுதாள். முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிறகு ஊரைக் கூட்டி. எதற்கு என்று கேட்கக் கூடாது என்றாள், நான் கேட்கவில்லை. என் சட்டையில் மூக்கைத் துடைத்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நான்தான் குழந்தையை அடித்துவிட்டேன் என்று முறைத்தார்கள். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அழுகிற குழந்தையை அணைத்துக்கொண்டு அப்படி ஒரு சந்தோஷம் ஒரு தகப்பனுக்கு வரலாமா என்று தெரியவில்லை, வந்தது.

மறுநாள் மத்தியானம் மேசையில் சாப்பிடவில்லை. திரையை அணைத்தேன். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் தெருவைத் தாண்டினேன். என் பெண்ணை அறைக்குக் கூட்டிப்போக வந்திருந்த ஆளிடம், "அவ வரல, இனிமே வரமாட்டா, போய்ச் சொல்லு" என்றேன். மார்க் போனால் போகட்டும். அந்தப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. என் டப்பாவிலிருந்து மட்டும் எடுத்து எடுத்துத் தின்றாள்.

திரும்பி வந்தபோது ரசனை அதிகாரி என் மேசை அருகில் காத்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டினேன். குழந்தை களைத்துப் போய்விட்டது, சிரிக்கச் சொல்லிச் சொல்லி அதன் முகத்தையே எடுத்துக்கொண்டீர்கள், பூங்காவில் உட்கார்ந்து அப்படி அழுதது, இனி அவளை மேலே அனுப்ப மாட்டேன், வேலை போனாலும் சரி என்றேன். பக்கத்து மேசை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி அம்மாவின் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டார்.

"புரியுது சார். குழந்தைன்னா அப்படித்தான், களைச்சுப் போயிடும். நீங்க கவலையே படாதீங்க" என்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்ல வேற குழந்தை ஏதாவது இருக்கா?"